இரண்டு மின்கலன்களும் ஒரு கடற்பறவைத் தீவும்



நம் பள்ளி மாணவர்கள் புத்தாக்கப் போட்டிகளுக்குக் கொண்டுவரும் படைப்புகளில் உணரிகள் பெருகிவிட்டன. மண்ணின் ஈரத்தை அறிவிக்கும் உணரி, மழைநீர்த் தொட்டியின் மட்டத்தைச் சொல்லும் உணரி, வகுப்பறை வெப்பத்தைப் பதியும் உணரி எனப் பலவகை. படைப்பை முழுதும் கேட்டு முடித்த நடுவர் இறுதியில் ஒரு கேள்வி கேட்பார்: "இதன் மின்கலன் எத்தனை நாள் தாங்கும்?" மாணவர் ஆசிரியரைப் பார்ப்பார், ஆசிரியர் கூரையைப் பார்ப்பார்.

இந்த எளிய கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அதை ஆசிரியர்களும், வீட்டில் பிள்ளைகளுக்கு இத்தகைய கருவிகளை வாங்கித் தரும் பெற்றோர்களும் அறிந்திருப்பது நன்று என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மேய்ன் மாநிலம் உள்ளது. அதன் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் கடலில் கிரேட் டக் என்றொரு சிறு தீவு. அங்கே லீச்சின் ஸ்டார்ம் பெட்ரல் எனப்படும் சிறிய கடற்பறவைகள் பெருந்தொகையாகக் கூடி இனம் பெருக்குகின்றன. நிலத்தில் வளை தோண்டி, அதனுள் ஒரே ஒரு முட்டை இடும் பறவை இது. தாயும் தந்தையும் முறைவைத்து அடைகாக்கும். ஒன்று வளைக்குள் இருக்க, மற்றது கடலில் இரைதேடும். இரவில்தான் வளைக்கு வரும், போகும். ஆகவே பகலில் தீவில் நடப்பவர் கண்ணுக்கு அங்கே ஒரு பறவைக் குடியிருப்பு இருப்பதே புலப்படாது.

இப்பறவை ஏன் ஒரு வளையைத் தேர்ந்தெடுக்கிறது, மற்றொன்றை விடுகிறது? வளைக்குள் வெப்பமும் ஈரமும் எப்படி மாறுகின்றன? பெற்றோர் எந்த நேரத்தில் உள்ளே இருக்கின்றனர்? இவைதாம் உயிரியலாளர்களின் கேள்விகள். விடை காண வளையினுள் கைவிட்டுப் பார்க்கலாம். ஆனால், பார்ப்பதே கேடாக முடிகிறது. மேய்ன் பகுதியில் நடந்த ஆய்வுகளின்படி, நீர்க்காகங்களின் குடியிருப்புக்குள் மனிதர் 15 நிமிடம் சென்று வந்தாலே அந்த ஆண்டின் முட்டைகளிலும் குஞ்சுகளிலும் 20 விழுக்காடு வரை அழியக்கூடும். கனடாவின் கென்ட் தீவில் பெட்ரல் பறவைகளை ஆய்ந்தவர்கள் கண்டது இன்னொன்று: அடைகாக்கும் முதல் இரண்டு வாரங்களில் தொந்தரவு செய்தால் பறவை வளையையே கைவிட்டுப் போய்விடக்கூடும். இருப்பதோ ஒரே முட்டை.

ஆகவே, அங்கே ஓர் உணரியை வைக்கலாம். ஆனால் இனப்பெருக்கப் பருவத்தில் அதன் மின்கலனை மாற்றப் போகலாகாது. மின்கலனை மாற்றும் ஒரு நடை ஒரு முட்டையின் விலையாகிவிடலாம். நடுவரின் கேள்வி இத்தீவில் வெறும் மதிப்பெண் கேள்வி அன்று என்பது இப்போது விளங்கும்.

2002ஆம் ஆண்டில் பெர்க்லி நகரின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும், அந்நகரில் இருந்த இன்டெல் ஆய்வகமும், மேய்னில் உள்ள காலேஜ் ஆஃப் தி அட்லாண்டிக் என்னும் கல்லூரியும் இப்பணியில் கைகோத்தன. ஆலன் மெயின்வாரிங், ஜோசப் பொலாஸ்ட்ரே, ராபர்ட் ஷெவ்ட்சிக், டேவிட் கல்லர் ஆகியோருடன் பறவையியல் பக்கமிருந்து ஜான் ஆண்டர்சனும் சேர்ந்து, தம் அமைப்பை விளக்கும் கட்டுரையை அதே ஆண்டில் வெளியிட்டனர். அப்போது தீவில் 32 கருவிகள் இயங்கின. மைக்கா எனப் பெயர் கொண்ட அக்கருவி உள்ளங்கைக்குள் அடங்கும். ஒரு சிறு நுண்கட்டுப்படுத்தி, ஒரு ரேடியோ, வெப்பம், ஒளி, ஈரப்பதம், காற்றழுத்தம் முதலியவற்றை அளக்கும் ஒரு பலகை, இவை அனைத்துக்கும் உயிர் தரச் சுவர்க்கடிகாரத்தில் போடும் அதே ஏஏ மின்கலன்கள் இரண்டு. அளந்தவற்றைக் கருவிகள் ரேடியோ வழியே அனுப்பின. தீவில் சூரிய ஒளி மின்சாரத்தில் இயங்கிய நிலையம் அவற்றைத் திரட்டி, செயற்கைக்கோள் வழியே வெளியுலகுக்கு அனுப்பியது.

இனி கணக்குக்கு வருவோம். என் பார்வையில் இவ்வரலாற்றின் சுவையான பகுதி இதுவே. கணிதம் கற்பிப்போர் இவ்வெண்களை அப்படியே வகுப்பில் பயன்படுத்தலாம்.

இரண்டு ஏஏ மின்கலன்கள் தரக்கூடியதாக அவர்கள் எடுத்துக்கொண்ட கொள்ளளவு 2200 மில்லி ஆம்பியர் மணி. கருவி உயிரோடு இருக்கவேண்டிய காலம் ஒன்பது மாதம், அதாவது 270 நாள். வகுத்தால் ஒரு நாளைக்குக் கிடைப்பது 8.148 மில்லி ஆம்பியர் மணி. மாதச் சம்பளத்தை முப்பதால் வகுத்து, நாள் செலவுக்கு வரம்பு போடும் குடும்பத்தலைவியின் கணக்கு இது. வேறுபாடு என்னவென்றால், இங்கே அடுத்த மாதச் சம்பளம் கிடையாது.

வரவு தெரிந்தது. செலவு? ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியே விலை கண்டு பட்டியலிட்டனர். மில்லியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நானோ. ஒரு செய்தியை ரேடியோவில் அனுப்ப 20 நானோ ஆம்பியர் மணி. ஒரு செய்தியைப் பெற 8. எவரேனும் அழைக்கிறார்களா என்று ரேடியோவைத் திறந்து வைத்துக் காத்திருக்க, மில்லிநொடிக்கு 1.25. அளவை ஒன்றைக் கருவியின் நிரந்தர நினைவகத்தில் எழுத, ஏறத்தாழ 83.

கடைசி எண்ணைப் பாருங்கள். பிறருக்குச் சொல்வதைவிடத் தனக்கென்று எழுதி வைத்துக்கொள்வது நான்கு மடங்கு செலவு! நம் மாணவர்கள் குறிப்பெடுக்கத் தயங்குவதற்கு இதைச் சான்றாகக் காட்டாமல் இருந்தால் சரி.

ஆயினும் உண்மையான செலவாளி அதுவன்று, காத்திருத்தல்தான். மில்லிநொடிக்கு 1.25 என்பது கண்ணுக்குத் தெரியாத சில்லறைபோல் தோன்றுகிறது. ஒரு நொடிக்குக் கணக்கிட்டால் 1250. அந்தச் செலவில் 62 செய்திகளை அனுப்பியிருக்கலாம். நாள் முழுவதும் ரேடியோ திறந்திருந்தால் 108 மில்லி ஆம்பியர் மணி போய்விடும். வேறு எந்த வேலையும் செய்யாமலே மின்கலன் ஏறத்தாழ 20 நாளில் தீர்ந்துவிடும். 270 நாள் எங்கே, 20 நாள் எங்கே? பேசுவதுதான் ஆற்றலைத் தின்னும் என்று நினைப்பது இயல்பு. இவ்வுலகில் பேசுவது மலிவு. யாராவது பேசமாட்டார்களா என்று காதைத் திறந்து வைத்திருப்பதுதான் விலை உயர்ந்தது. ஆகவே கருவி பெரும்பாலான நேரம் உறங்க வேண்டும் என்பது விதியாயிற்று.

சரி, உறங்கும்போது? இங்கேதான் அவர்கள் ஒரு திருடனைக் கண்டனர். மின்கலன் தளரத் தளர அதன் மின்னழுத்தம் குறையும். அளவைகள் பிழைபடாதிருக்க, குறைந்த அழுத்தத்தை உயர்த்தி நிலையாகத் தரும் ஒரு மின்சுற்று மைக்காவில் இருந்தது. காவலுக்கு வைத்த அந்தச் சுற்று, கருவி உறங்கும்போதும் விழித்திருந்தது. எந்த வேலையும் இல்லாதபோதே 200 முதல் 300 மைக்ரோ ஆம்பியர் வரை இழுத்தது. 24 மணி நேரத்துக்குப் பெருக்கினால் 4.8 முதல் 7.2 மில்லி ஆம்பியர் மணி. நாள் முழுமைக்கும் உள்ள வரவோ 8.148! இன்னொரு கசிவும் இருந்தது. நுண்கட்டுப்படுத்தியின் கால்களை உரிய நிலையில் வைக்காமல் உறங்கவிட்டால், அவற்றின் வழியே 400 மைக்ரோ ஆம்பியர் வரை கசியக்கூடும். அது நாளொன்றுக்கு 9.6. வரவையே மிஞ்சிய செலவு.

இதற்கு அவர்கள் கண்ட தீர்வு மிக எளியது. உறங்கும் வேளையில் மின்னழுத்த உயர்த்தியைச் சுற்றிக்கொண்டு மின்சாரம் செல்லும்படி ஒரு ஷாட்கி டையோடைச் சேர்த்தனர். உறக்கச் செலவு 30 முதல் 50 மைக்ரோ ஆம்பியராக இறங்கியது. 50 என்றே கொண்டாலும் நாளுக்கு 1.2 தான். மீதம் 6.9 மில்லி ஆம்பியர் மணி, வேலைக்கு. அந்த 6.9ஐ முழுதும் காத்திருப்பதில் செலவிட்டால் நாளில் ஒன்றரை மணி நேரம் ரேடியோவைத் திறக்கலாம். சில்லறைக் காசுக்கு வாங்கக்கூடிய ஓர் உறுப்பு, ஒரு பருவத்தையே காப்பாற்றியது.

இதுவரை சொன்னது தாளில் போட்ட கணக்கு. தீவு என்ன சொன்னது?

கருவிகள் வெப்பத்தையும் ஈரத்தையும் மட்டும் அனுப்பவில்லை. தம் மின்கலனின் மின்னழுத்தத்தையும் அவ்வப்போது அனுப்பின. நோயாளியே தன் நாடித்துடிப்பை எழுதி அனுப்புவது போன்றது இது. நான்கு மாதத்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட அளவைகள் தரவுத்தளத்தில் சேர்ந்தன. இத்தனையையும் மனிதர் வரிவரியாகப் படிக்க இயலாது. நிரல்கொண்டுதான் பிரிக்கமுடியும். இந்தக் கருவி கடைசியாகப் பேசியது எப்போது, அப்போது அதன் மின்னழுத்தம் என்ன, அதற்கு முந்தைய நாள்களில் அது எவ்வளவு விரைவாகச் சரிந்தது என்று கருவி கருவியாகப் பார்க்கவேண்டும். இத்தகைய ஆய்வை அவர்கள் 2004இல் வெளியிட்டனர். அதில் எனக்குப் பிடித்த கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. எல்லாச் சாவுக்கும் மின்கலன் காரணமன்று. ஈரப்பத உணரி இயல்புக்கு மாறான எண்களைத் தரத் தொடங்கினால், உறைக்குள் நீர் புகுந்திருக்கலாம். அக்கருவி விரைவில் மடியக்கூடும். பறவைக்காக வைத்த உணரி, தான் சாகப்போவதையும் சேர்த்தே சொல்லியது. வெப்பத்தையும் ஈரத்தையும் ஒருவரும், மின்கலனை இன்னொருவரும் என்று பிரித்துப் படித்திருந்தால் இது தெரிந்திருக்காது.

2003ஆம் ஆண்டில் கருவிகளின் எண்ணிக்கை 150 ஆக உயர்ந்தது. இம்முறை இரண்டு வகைப் பிணையங்கள் இருந்தன. ஒன்றில் ஒவ்வொரு கருவியும் நிலையத்தோடு நேரடியாகப் பேசும். மற்றொன்றில் தொலைவில் உள்ள கருவியின் செய்தியை இடையில் உள்ளவை கைமாற்றிக் கொடுக்கும். முதல் வகையின் ஆயுளை முன்கூட்டியே சரியாகக் கணித்துவிட்டனர். தாள்கணக்கும் தீவுக்கணக்கும் பொருந்தின. இரண்டாம் வகையில் பொருந்தவில்லை.

ஏன்? ஒட்டுக்கேட்டல். வகுப்பில் முன்வரிசை மாணவன் ஒருவன் பின்வரிசைக்குத் துண்டுத்தாள் கடத்துகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடத்துபவனுக்கு மட்டும்தான் வேலை என்று நினைப்போம். ஆனால் ரேடியோவில் துண்டுத்தாள் கிடையாது. எல்லாம் உரத்த குரல். பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு கருவியும், தனக்கு அல்லாத செய்தியையும் கேட்டு முடித்த பிறகே, "இது எனக்கில்லை" என்று அறியும். அக்கேட்டலுக்கும் மின்கலன்தான் விலை கொடுக்கிறது. இச்செலவைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டதாக ஆய்வாளர்களே தம் கட்டுரையின் சுருக்கத்தில் எழுதினர். மின்னாற்றல் மூலத்தைத் தேர்ந்தெடுப்பதன் நுணுக்கங்களையும் குறைத்தே எடைபோட்டதாகச் சேர்த்து எழுதினர். வெற்றிகளை மட்டும் அடுக்கும் அறிக்கைகளுக்குப் பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கும். கணிப்பு எங்கே தவறியது என்று எழுதியதால்தான் அக்கட்டுரை இன்றும் பயன்படுகிறது என்பது என் கருத்து.

மின்கலன் வகையைப் பற்றி இங்கே ஒரு சொல். ஆல்கலைன் மின்கலனின் அழுத்தம் படிப்படியாகச் சரியும். ஆகவே அதைப் பார்த்து மீதத்தை ஓரளவு ஊகிக்கலாம். லித்தியம் மின்கலன்கள் பல, கடைசி வரை ஏறத்தாழ ஒரே அழுத்தத்தைக் காட்டிவிட்டுத் திடீரென விழும். கருவிக்கு அது நல்லது, கணக்கெழுதுபவருக்குத் தொல்லை. நேற்று வரை நலமாக இருந்தவர் இன்று இல்லை என்பதுபோல் ஆகிவிடும். அப்போது அழுத்தத்தை மட்டும் பதிந்தால் போதாது. எவ்வளவு நேரம் விழித்திருந்தது, எத்தனை செய்தி அனுப்பியது, எத்தனை கேட்டது என்ற எண்ணிக்கைகளையும் பதிந்து, செலவைக் கூட்டித்தான் மீதத்தை அறியவேண்டும்.

அதன் பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காத்திருக்கும் செலவைக் குறைக்க, ரேடியோவை நொடிப்பொழுது மட்டும் திறந்து, அலைவெளியில் ஓசை உண்டா என்று பார்த்து, இல்லையேல் உடனே மூடும் முறையைப் பொலாஸ்ட்ரே, ஹில், கல்லர் மூவரும் 2004இல் விளக்கினர். பி-மேக் என்பது அதன் பெயர். உறக்கச் செலவைத் தொடக்கத்திலேயே கருத்தில் கொண்டு வடிவமைத்த டெலோஸ் என்னும் கருவி 2005இல் கட்டுரையாக வந்தது.

2008இல் வந்த ஒன்றைமட்டும் கடந்துபோக மனமில்லை. உறங்கும்போது சில மைக்ரோ ஆம்பியர், விழிக்கும்போது பல மில்லி ஆம்பியர் என்று ஆயிரம் மடங்கு தாவும் மின்னோட்டத்தைக் களத்தில் அளப்பது கடினம். அதற்கென ஓர் அளவுமானியைக் கருவிக்குள் வைத்தால், அதுவும் மின்கலனைக் குடிக்கும். பிரபால் தத்தாவும் அவர் குழுவினரும் வேறு வழி கண்டனர். மின்னழுத்தத்தை நிலைப்படுத்தும் சுற்று ஒரு வாளிபோல் வேலை செய்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் ஏறத்தாழ ஒரே அளவு ஆற்றலை முகந்து ஊற்றுகிறது. வாளிகளை எண்ணினால் போதாதா? அப்படியே செய்தனர். ஐகவுண்ட் என்று பெயர். முன்பு தீவில் திருடனாகப் பிடிபட்ட அதே வகைச் சுற்று, இங்கே கணக்குப்பிள்ளையாகிவிட்டது! அதே ஆண்டில் வந்த குவாண்டோ என்னும் அமைப்பு அவ்வெண்ணிக்கையையும், எந்த உறுப்பு எப்போது விழித்திருந்தது என்ற பதிவையும் சேர்த்து, புள்ளியியல் முறையில் செலவை உறுப்பு வாரியாகப் பிரித்தது. எந்த வேலைக்காக அந்த ஆற்றல் செலவானது என்பதையும் அது தொடர்ந்து சென்று காட்டியது. கருவி கருவியாகத் தாவிச் செல்லும் வேலையையும் அதனால் பின்தொடர முடிந்தது.

எங்கள் பள்ளி அறிவியல் கழகத்தில் இதன் சிறு அளவிலான ஒன்றைச் செய்து பார்த்தோம். நாற்றங்கால் அருகே ஓர் ஆர்டுயினோ ஊனோ பலகை, வெப்ப உணரி, நினைவட்டை, ஆறு ஏஏ மின்கலன்கள். நேரம், வெப்பம், மின்கலன் அழுத்தம் என மூன்றே பத்திகள் கொண்ட கோப்பு. மாணவர்களிடம் முதலில் ஊகிக்கச் சொன்னேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளப்பதைவிட ஒரு மணிக்கு ஒருமுறை அளந்தால் மின்கலன் ஆறு மடங்கு நாள் தாங்கும் என்றனர் அனைவரும். கணிதப்படி நியாயமான ஊகம்.

இரண்டு தொகுதி புதிய மின்கலன்களோடு இரண்டு முறையும் இயக்கினோம். பிறகு பைத்தானில் இருபது வரிக்குள் ஒரு நிரல் எழுதினேன். அது கோப்பைத் திறக்கும். ஒவ்வொரு மணிக்கும் சராசரி மின்னழுத்தத்தைக் கணக்கிடும். முந்தைய மணியோடு ஒப்பிட்டு எவ்வளவு சரிந்தது என்று அச்சிடும். கடைசிப் பதிவின் நேரத்தைச் சொல்லும். அவ்வளவுதான். இதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

இரண்டு தொகுதிகளும் இரண்டாம் நாளே ஓய்ந்துவிட்டன. சரிவுக் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தால் பிரித்துச் சொல்லமுடியாத அளவுக்கு ஒத்திருந்தன. மாணவர்கள் நிரலில்தான் பிழை என்றனர். நிரலை ஓரமாக வைத்துவிட்டு, பலகையையே பார்க்கச் சொன்னேன். எந்த அளவையும் எடுக்காத நேரத்தில் அதில் என்ன எரிகிறது?

ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, மின்சாரம் உண்டு என்று காட்டுவதற்காகப் பலகையின் மேலேயே எரிந்துகொண்டிருக்கும் சிறு விளக்கைச் சுட்டிக்காட்டினாள். அது ஒன்று. மின்னழுத்தத்தைச் சீராக்கும் உறுப்பு இன்னொன்று. கணினியோடு பேசுவதற்கென்றே இருக்கும் இரண்டாவது சில்லு மற்றொன்று. நுண்கட்டுப்படுத்தியை உறங்கச் சொல்லும் கட்டளையோ எங்கள் நிரலில் இல்லவே இல்லை. அளப்பதற்கான செலவு இவற்றின் நடுவே அடையாளம் தெரியாமல் கரைந்துபோயிருந்தது.

அடுத்த வாரக் கழக நேரத்தில், மாணவர்கள் கரும்பலகையில் மைக்காவின் 8.148 என்ற எண்ணை ஒரு பக்கமும், எங்கள் பலகை நாளொன்றுக்குத் தின்பதை மறுபக்கமும் எழுதினர். நுண்கட்டுப்படுத்தியை மட்டும் தனியே எடுத்து, விளக்கில்லாத வெறும் பலகையில் பொருத்தி, ஒவ்வோர் அளவைக்கும் இடையே உறங்கவைக்கும் வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது. நிரலும் கோப்பின் மாதிரியும் வேண்டும் ஆசிரியர்கள் கேட்டால் அனுப்பி வைக்கிறேன்.